மாடல் இல்லாமல் ஒரு சோப்பு விளம்பரம்: நான் எடுக்கும் முறை

ஈரோட்டில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக்கொண்டிருந்தவள், 9 வருடங்களாக வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துத் தருகிறேன். நலங்கு மாவு, சீயக்காய், கைச்சோப்பு, தலைக்கு எண்ணெய், இந்த மாதிரிப் பொருட்கள். என் படங்களில் மாடல்கள் கிடையாது. அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கித் தேய்த்துக்கொள்கிற பெண்கள்தான் இருப்பார்கள். "எங்களுக்கும் அப்படி எடுக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாடலுக்காக அமைத்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவர் சுமாரான மாடலாகத்தான் தெரிவார். மாடல் அந்தத் தொழிலைக் கற்றவர். தாடையை எவ்வளவு திருப்பினால் நிழல் எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். முன்பின் தெரியாத பத்துப் பேர் உற்றுப் பார்த்தாலும் அவர் முகம் இறுகாது. காலையில் ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வருகிற ஒருவருக்கு இதெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? அவருக்குத் தகுந்தபடி வெளிச்சத்தையும் நேரத்தையும் பேச்சையும் கூலியையும், படத்துக்குக் கீழே எழுதும் வரியையும் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

பொருளை முதலில் பாருங்கள்

இந்த வழியில் பெரிய அளவில் நடந்து பார்த்தவர்கள் டவ் சோப்புக்காரர்கள். 2004-ல் அவர்கள் 10 நாடுகளில் 3,200 பெண்களிடம் நடத்திய ஆய்வில், தன்னை 'அழகானவள்' என்று சொல்லிக்கொண்டவர்கள் 2 சதவீதம் பேர்தான். அந்த வருடமே மாடல்களை விட்டுவிட்டுச் சாதாரணப் பெண்களை வைத்து விளம்பரம் செய்யத் தொடங்கினார்கள். 2005-ல் அமெரிக்கச் சாலையோர விளம்பரப் பலகைகளில் வெள்ளை உள்ளாடையோடு சிரித்துக்கொண்டு நின்ற ஆறு பெண்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டார்கள். வேறு வேறு உடல்வாகு, வேறு வேறு நிறம். எனக்கு அந்தப் படம் இன்றும் பிடிக்கும். ஆறு பேரும் கேமராவுக்காக நிற்பது போல இல்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசிச் சிரித்துக்கொண்டே வந்து நின்றது போல இருக்கும்.

ஆனால் அந்தப் படம் விற்றது தோலை இறுக்கும் க்ரீமை. உன் தொடை இப்படியே அழகு என்று படம் சொல்கிறது, அதை இறுக்கிக்கொள் என்று டியூப் சொல்கிறது. அப்போதே பலர் இதைக் கேட்டார்கள். அதோடு, டவ்வை வைத்திருக்கும் யூனிலீவர்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லியையும் விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது 2020-ல்தான்.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்முடைய சின்னத் தொழிலிலும் இதே முரண் வந்துவிடும், அதற்காகத்தான் சொல்கிறேன். ஒருமுறை ஒருவர் சோப்பு கொண்டுவந்தார். உறையில் '7 நாளில் நிறம் கூடும்' என்று அச்சடித்திருந்தது. கருப்பாக, களையாக இருக்கும் ஒரு பெண்ணை அதன் பக்கத்தில் நிறுத்தி 'எல்லா நிறமும் அழகு' என்று போடலாம் என்றார். அந்தப் பெண் அந்த உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நினைத்துப் பாருங்கள். உறையை மாற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து மாற்றிக்கொண்டு வந்தார், எடுத்துக் கொடுத்தேன்.

சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடே அதைக் கவனித்தது. 2014-ல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் நிறத்தை மாற்றுவதாகச் சொல்லும் பொருட்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பொருளைப் பயன்படுத்துவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் முகத்தை வாடியதாகவோ கவலையோடோ காட்டக் கூடாது, நிறத்தைச் சாதியோடும் வேலையோடும் முடிச்சுப் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. உறை அச்சடிப்பதற்கு முன்னால் இந்த விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

யாரைக் கேட்பது

உங்கள் ஆர்டர் நோட்டை எடுங்கள். மூன்றாவது முறை வாங்கியவர்கள் யார் யார் என்று பாருங்கள். அவர்களில்தான் உங்கள் ஆள் இருக்கிறார். முகத்தைப் பார்த்துத் தேடாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் நானும் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு தேடினேன்: ஒருவர் கருப்பு, ஒருவர் குண்டு, ஒருவர் நரைத்த தலை, ஒருவர் முகத்தில் தழும்பு. தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் போய்க் கேட்டபோது, அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நான் குண்டா இருக்கறதுனாலதானே கூப்பிடறீங்க?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. "நீங்க ரெண்டு வருஷமா இந்தச் சீயக்காயை வாங்கறீங்க. அதுல வெந்தயம் சேத்தி அரைக்கச் சொன்னதே நீங்கதான்னு ஓனரக்கா சொன்னாங்க. அதனால கூப்பிடறோம்." இந்த மாதிரி ஒரு காரணம் உங்களிடம் இல்லையென்றால் அந்த ஆளைக் கேட்காதீர்கள்.

உங்களிடம் சம்பளத்துக்கு இருக்கும் பெண்களைக் கேட்காதீர்கள். முதலாளி கேட்டால் அவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. 'அவளே ஆசையா வந்தா' என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். வட்டிக்குக் கொடுத்திருப்பவர், வாடகைக்கு வைத்திருப்பவர் என்றாலும் இதே கதைதான்.

கேட்கும்போது நேரில் போங்கள், ஒரு பெண்ணோடு போங்கள். படம் எங்கெங்கே வரும் என்று காட்டுங்கள். பாக்கெட்டின் உண்மையான அளவு, பேனரின் உண்மையான அளவு. ஈரோடு பன்னீர்செல்வம் பார்க்கில் பத்தடி உயரத்தில் தன் முகம் இருக்கும் என்று தெரிந்து சம்மதிப்பது வேறு, 'போட்டோ ஒண்ணு எடுக்கணும்' என்று மட்டும் கேட்டுச் சம்மதிப்பது வேறு. அன்றைக்கே சரி என்றாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். வீட்டில் பேச வேண்டும் என்பார்கள். அவர் கூப்பிட்டால் நீங்களும் போய் மாமியாரிடமோ வீட்டுக்காரரிடமோ பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கூப்பிடாமல் நீங்களாகப் போய்ச் சம்மதம் கேட்காதீர்கள். முகம் அவருடையது.

பவானிப் பக்கம் அறுபது தாண்டிய ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, என்ற மூஞ்சியப் பாத்துட்டு எவ எண்ணெய் வாங்குவா?" கிட்டத்தட்ட எல்லோருமே இதை ஏதோ ஒரு விதத்தில் கேட்பார்கள். உடனே 'நீங்க அழகா இருக்கீங்கம்மா' என்று ஆரம்பிக்காதீர்கள், அவர்கள் நம்ப மாட்டார்கள். நான் அந்த அம்மாவிடம், "நீங்க யாரு சொல்லி இந்த எண்ணெய் வாங்குனீங்க?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ராட்டைக்காரம்மா சொல்லி என்றார். "அவங்க மூஞ்சியப் பாத்துத்தானே நம்புனீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வெள்ளிக்கெழம வாரியா?" என்றார்.

காகிதமும் கூலியும்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

தொழில் தொடங்கி இரண்டாவது வருடம். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரை ஒரு குளியல் பொடிக்காக எடுத்தேன். வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை. படங்களைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் வேறு ஒருவருக்குக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகப்பூச்சு க்ரீமின் விளம்பரத்தில் அந்த ஆசிரியையின் முகம் 'முன்பு' என்ற கட்டத்தில் வந்தது. பக்கத்தில் 'பின்பு' என்ற கட்டத்தில் வேறு யாரோ ஒரு பெண். பசங்கள் அதைப் போனில் வைத்துக்கொண்டு வகுப்பில் கைமாற்றியிருக்கிறார்கள். அவர் எனக்குப் போன் செய்து கத்தவில்லை, அழவும் இல்லை. "எனக்கு ஏன் இப்படிப் பண்ணுனீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் செய்யவில்லைதான். ஆனால் செய்ய முடிகிற மாதிரி விட்டது நான். அந்த விளம்பரத்தை எடுக்க வைக்க மூன்று வாரம் அலைந்தேன். போன்களில் சுற்றியதை எங்கே போய் எடுப்பது?

அதற்குப் பிறகு காகிதம் இல்லாமல் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. என் காகிதம் ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். எந்தப் பொருளுக்கு என்று ஒரே ஒரு பொருளின் பெயர். எங்கெங்கே வரும்: பாக்கெட், பேனர், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், அவர் டிக் போட்டதில் மட்டும். எவ்வளவு காலம்: 12 மாதம், அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடி கேட்டு மறுபடி கூலி. வேறு யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது. 'முன்பு–பின்பு' படமாக எந்தக் காலத்திலும் கூடாது. ஏஐ-யில் போட்டு முகத்தை மாற்றவோ, அந்த முகத்தை வைத்து வேறு படம் உண்டாக்கவோ கூடாது. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படத்தை அவர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வாங்கிய கூலியைத் திருப்பித் தர வேண்டாம். இவ்வளவுதான். சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். இரண்டு பிரதி, ஒன்று அவரிடம். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், அவர் நம்பும் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லி அவரைப் படிக்க வைக்கிறேன்.

கூலி விஷயத்தில் நிறையப் பேர் பின்வாங்குவார்கள். 'சாதாரணப் பொம்பளதானே, ஒரு கிஃப்ட் பாக்ஸ் குடுத்தாப் போதும்' என்பார்கள். போதாது. மாடலை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் செலவைக் குறைப்பது என்றால், நேராக ஒரு பூவைப் படம் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அரை நாளுக்கு 4,000 ரூபாய் வாங்கித் தருகிறேன். அன்றைய வேலைக்கூலி போனால் அது தனி, ஆட்டோ தனி, சாப்பாடு எங்கள் செலவு. பேனர் என்றால் இன்னும் கூடுதல். படம் எடுத்த அன்றைக்கே, அவர் கையில்.

வெளிச்சம்

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெண்கள் போட்டோவில் தங்கள் முகம் சரியாக வருவதில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. பிசகு அவர்கள் முகத்தில் இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கருப்பு, பழுப்புத் தோல்களையும் சேர்த்த அட்டைகள் 1990-களில்தான் வந்தன. மரச்சாமான்காரர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று சொன்ன புகாருக்கும் ஃபிலிம் பழுப்பு நிறத்தைச் சரியாகப் பிடிக்கும்படி மாறியதில் பங்கு உண்டு. நம் அம்மாக்களின் பழைய கல்யாண ஆல்பங்களைப் பாருங்கள், பாதி முகங்கள் கரியாகத் தெரியும். என் அம்மாவின் ஆல்பமும் அப்படித்தான். அவர் அதை எடுத்துப் பார்க்கவே மாட்டார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் ஜாஸ்தி என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். செங்கல் சுவர், பழைய மரக்கதவு, கரும்பச்சை, மஞ்சள் கலந்த பழுப்புத் துணி, இவையெல்லாம் நம் தோலுக்கு நன்றாக நிற்கும். போனில் எடுப்பவர்கள் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள், பிறகு தேவைக்கு வெளிச்சத்தை ஏற்றி இறக்குங்கள். முகம் திரை முழுக்க நிறைந்திருந்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் கருப்பைச் சாம்பலாக்கும். அப்போது ஒரு பிடி குறைக்க வேண்டும். நிறைய போன்களில் 'பியூட்டி' வசதி சொல்லாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். தேடிப்பிடித்து அணைத்துவிடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும், இரண்டு அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள்.

கருந்தோலின் அழகு அதன் மினுக்கில் இருக்கிறது. வெளுத்த தோலில் நிழல்தான் முகத்தின் வடிவத்தைச் சொல்லும். கருந்தோலில் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் ஒளிதான் அதைச் செய்யும். அதனால் நேராக ஃப்ளாஷ் அடித்து அதைக் கொன்றுவிடாதீர்கள். பெரிய, மென்மையான வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய ஜன்னல், அதன் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டி. கரை படாமல் மடித்து, ஒற்றைத் துணியாகக் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். என் படங்களில் முக்கால்வாசி இந்த இரண்டு பொருளால் எடுத்தவைதான். திண்ணை இருக்கும் வீடு கிடைத்தால் விடாதீர்கள், மேலே கூரை, முன்னால் திறந்த வானம், அதற்கு ஈடான வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் இல்லை. சிவப்புத் தரை என்றால் மட்டும் காலடியில் ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள், இல்லாவிட்டால் தாடையெல்லாம் சிவந்து வரும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் முகத்தில் பச்சை ஏறும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள்.

அலங்காரம்

'நேச்சுரலா வாங்க, ஒண்ணும் போடாதீங்க' என்று சொல்வது தப்பு. எந்தப் பெண்ணும் போட்டோவுக்கு அப்படி வர மாட்டாள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பொட்டு வைத்து வருவதுதான் நம் வழக்கம். அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, வியர்வையோடு அடுப்படியில் நிறுத்தி, இதுதான் நிஜம் என்று காட்டும் படங்களை நான் எடுப்பதில்லை. அந்த நிஜம் அவருடையதில்லை, படம் எடுப்பவருடைய கற்பனை. கோயிலுக்குப் போவதென்றால் எப்படிப் போவீர்களோ அப்படி வாருங்கள் என்று சொல்கிறேன். அதிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

மேக்கப் ஆளை நான் கூப்பிடுவதில்லை. முன்பு கூப்பிட்டபோதெல்லாம் கழுத்தைவிட முகம் இரண்டு நிறம் வெளுத்து வந்தது. பவுடர் வேண்டுமென்றால் அவர் வீட்டு டப்பாவில் இருப்பதே போதும், நெற்றியில் திட்டாக நின்றால் ஈரத்துணியால் ஒத்தி எடுத்துவிடலாம். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தால் அந்த மஞ்சளை அப்படியே விடுங்கள்.

எடுக்கும் நேரம்

அவர் வீட்டிலேயே எடுங்கள். இல்லையென்றால் அவருக்குத் தெரிந்த வீட்டில். கூட அவருடைய தங்கையோ தோழியோ இருக்கட்டும். கம்பெனி முதலாளி அங்கே வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் பக்கத்து அறையில் உட்காரட்டும். பின்னால் நின்றுகொண்டு 'கொஞ்சம் உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க', 'கலரு கொஞ்சம் ஏத்தலாமா' என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அன்றைய வேலை முடிந்தது. அந்தப் பெண்ணின் முகம் மறுபடி திறக்காது. அப்படி ஒருமுறை நடந்து, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

'ஸ்மைல் பண்ணுங்க' என்று சொல்லாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பூக் கட்டச் சொல்லுங்கள், பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னச் சொல்லுங்கள், மகளின் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். கை வேலையில் இருந்தால் முகம் தன்பாட்டுக்கு இருக்கும். முதல் நாற்பது படங்கள் எதற்கும் ஆகாது, அது தெரிந்தே எடுங்கள். அப்புறம் கேமராவை அவரிடம் கொடுத்துக் காட்டுங்கள். பிடிக்காததை அவரே அழிக்கட்டும். அழித்த பிறகு அவர் நிற்கும் விதமே மாறிவிடும். தையல்கடை அக்கா (கடைசியில் வந்தார்) பதினேழு படங்களை அழித்துவிட்டு, பதினெட்டாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எங்கம்மா மாதிரி இருக்கு" என்றார். அந்தப் படம்தான் பாக்கெட்டில் போனது.

கம்ப்யூட்டரில்

என் விதி சுலபம். ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம்: பரு, கொசுக்கடி, கண்ணில் விழுந்த தூசி. அவரோடு இருப்பதை எடுக்கக் கூடாது: மச்சம், தேமல், தழும்பு, நரை, சுருக்கம், தோலின் நிறம். பருவைக்கூட அவரைக் கேட்டுத்தான். அவர் ஒரு தழும்பை எடுக்கச் சொன்னால்? எடுக்கிறேன். அது அவர் முகம், என் கொள்கையை அவர் சுமக்க வேண்டியதில்லை. முதலாளி எடுக்கச் சொன்னால் எடுப்பதில்லை.

பிரான்ஸில் 2017 முதல், மாடலின் உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று போட வேண்டும். நார்வேயும் 2022-ல் இது போன்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் நான் திருத்தாத படங்களின் ஓரத்தில் 'தோலில் கை வைக்கவில்லை' என்று சின்னதாக ஒரு வரி போடுகிறேன். வாங்குகிறவர்கள் அதைக் கவனிக்கிறார்கள், போனில் கேட்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஏஐ-யில் 'நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண், லேசான நரை, சாதாரணத் தோற்றம்' என்று தட்டினால் ஒரு முகம் வந்துவிடுகிறது. கூலி வேண்டாம், காகிதம் வேண்டாம். டவ் 2024-ல், பெண்களுக்குப் பதிலாக ஏஐ முகங்களைத் தங்கள் விளம்பரங்களில் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்தது. நம்மாலும் அதைச் சொல்ல முடியும். இல்லாத ஒருத்தி இந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டேன் என்று சொல்வதைப் பார்த்து, இருக்கிற ஒருத்தி வாங்குவது நியாயமில்லை.

படத்துக்குக் கீழே வரும் வரி

2004 வாக்கில் டவ் ஒரு விளம்பர வரிசை செய்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய லண்டன் மூதாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: 'சுருக்கமா? அற்புதமா?' பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட வேண்டும். அந்தப் பாட்டியின் படம் அற்புதம். ஆனால் அவர் முகத்தை ஓட்டுக்கு விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெண் பார்க்கும் படலம் நடக்கும் ஊரில் வளர்ந்தவள் நான். இன்னொரு கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண்ணை உட்கார வைத்து 'எப்படி இருக்கா?' என்று கேட்கிற விளம்பரத்தை நான் செய்ய மாட்டேன். ஆகவே கேள்வி வடிவில் வரி எழுதாதீர்கள், 'நிஜப் பெண்' என்றும் போடாதீர்கள், 'கருப்பும் அழகுதான்' என்றும் போடாதீர்கள். அந்த 'உம்' விழுந்த இடத்தில் வலிக்கும்.

அவர் சொன்னதையே போடுங்கள். எடுக்கும்போது போனில் பேச்சைப் பதிவு செய்கிறேன், கேட்டுவிட்டுத்தான். பவானி அம்மா, "தேச்சுக் குளிச்சா மத்தியானம் நல்லாத் தூக்கம் வருது" என்றார். அந்த எண்ணெய்க்கு அதைவிட நல்ல வரியை எந்த எழுத்தாளரும் தந்திருக்க மாட்டார். அவர் பேசியபடியே போட்டோம், இலக்கணம் திருத்தவில்லை.

ஆனால் அவர் அனுபவிக்காததை அவர் வாயில் வைக்காதீர்கள். 2022-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பவருக்கு மட்டுமல்லாமல் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். 'முடி கொட்டுறது நின்னுடுச்சுன்னு சும்மா சொல்லுங்கக்கா' என்று நீங்கள் சொல்லச் சொன்னால், அந்த ஆபத்தை அவர் தலையிலும் ஏற்றுகிறீர்கள்.

வெளியிட்ட பிறகு

முதல் பிரதி அவருக்கு. பாக்கெட் அச்சாகி வந்ததும் கடைக்குப் போவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். கூடவே 8-க்கு 12 அளவில் ஒரு படம், சட்டம் போட்டு. விளம்பர எழுத்து எதுவும் இல்லாமல், அவர் மட்டும் இருக்கிற படம்.

இன்ஸ்டாகிராமில் போடும் அன்றைக்குச் சாயங்காலம் கடைக்காரரும் நானும் முறை வைத்து கமென்ட்களைப் பார்க்கிறோம். அசிங்கமாக வருவதை உடனே எடுத்துவிடுகிறோம். கூடிப்போனால் கமென்ட்டையே மூடிவிடுகிறோம். 'ரீச் குறையும்' என்பார்கள், குறையட்டும். நல்லதாக வருவதைப் படித்துக் காட்டுகிறோம். தையல்கடை அக்காவின் படத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண், 'இவங்க எங்க சித்தி மாதிரியே இருக்காங்க, எனக்கு ரெண்டு பாக்கெட்' என்று எழுதியிருந்தார். அக்கா அதைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

படம் எங்கெங்கே போயிருக்கிறது என்று ஒரு நோட்டு வையுங்கள்: எத்தனை பேனர், எந்தக் கடை, எந்த விநியோகஸ்தர், எந்தத் தேதி. 12 மாதம் முடியும்போது திரும்பப் போய்க் கேட்க வேண்டும். போன தை மாதம் ஒரு தங்கச்சி வேண்டாம் என்றார். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், காரணம் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நோட்டில் ஆறு கடைகள் இருந்தன. கோபி, சத்தி, அந்தியூர் என்று ஒரே நாளில் சுற்றி, ஆறு பேனர்களையும் கழற்றிச் சுருட்டி, அவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.